மெந்தாவாய் அலைக்குப் போகும் முன்: டிக்கெட் விலையைவிட முக்கியமான ஒரு கணக்கு

பகாங் மாநிலத்தின் செராத்திங் கடற்கரையில் நவம்பர் முதல் பிப்ரவரி வரை கூட்டத்திற்குக் குறைவிருக்காது. வடகிழக்குப் பருவக்காற்று அடிக்கும் அந்த நாள்களில் தென்சீனக் கடல் அலை கொடுக்கும். அலைச்சறுக்கு கற்றுக்கொள்ளப் போகும் இளையோரில் நம்மவர் பிள்ளைகளும் உண்டு. மார்ச் கடந்ததும் அலை அடங்கிவிடும். பலகை வீட்டின் மூலையில் சாய்ந்துவிடும். அப்போதுதான் கைப்பேசியில் அந்தப் படங்கள் கண்ணில் படுகின்றன. கண்ணாடிபோல் பச்சை நிற அலை, பின்னால் தென்னந்தோப்பு, ஆள் நடமாட்டம் இல்லாத தீவு. இடத்தின் பெயர் மெந்தாவாய்.

இந்தோனேசியாவின் மேற்குச் சுமத்ராவுக்கு அப்பால், இந்தியப் பெருங்கடலில் கிடக்கும் தீவுக் கூட்டம் அது. சிபெருட், சிப்போரா, வட பாகாய், தென் பாகாய் ஆகிய நான்கும் பெரிய தீவுகள். சுற்றிலும் சிறு தீவுகள் ஏராளம். உலகெங்கிலும் இருந்து அலைச்சறுக்கு வீரர்கள் இரண்டு மூன்று விமானம் மாறி அங்கு வந்து சேர்கிறார்கள். மலேசியர்களுக்கோ அது பக்கத்து வீடு மாதிரி. கோலாலம்பூரிலிருந்து பாடாங் நகருக்கு விமானத்தில் ஒரு மணி நேரத்திற்குச் சற்று மேல்தான். விசா வேண்டாம். கடப்பிதழ் ஆறு மாதம் செல்லுபடியானால் போதும். மலாய் தெரிந்தவருக்குப் பேச்சுக்கும் பஞ்சமில்லை.

இவ்வளவு அருகில் இருப்பதே ஏமாற்றுகிறது. பினாங்குக்குப் போய் வருவதுபோல் நினைத்து டிக்கெட் எடுத்துவிடுகிறார்கள். பாடாங் வரைக்கும் அது சரி. அதற்கு அப்பால் கணக்கு வேறு.

அந்தக் கணக்கை ஒரே கேள்வியாகச் சொல்லலாம். புதன்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு, கடைசித் தீவின் அருகே, ஒருவர் பாறையில் விழுந்து தொடை கிழிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அவர் எப்போது, எதில் ஏறி, எந்த மருத்துவரிடம் போய்ச் சேருவார்? இதற்குத் தெளிவான பதில் கையில் இருந்தால் பயணத் திட்டம் தயார். இல்லையென்றால் எவ்வளவு மலிவாக டிக்கெட் கிடைத்திருந்தாலும் திட்டம் இன்னும் தொடங்கவே இல்லை.

மணல் அலையும் பாறை அலையும்

செராத்திங்கில் நன்றாகச் சறுக்குகிறேனே, அங்கு மட்டும் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். இரண்டும் கடல்தான், இரண்டும் அலைதான். ஆனால் அலை பிறக்கும் இடமும் வேறு, உடையும் தரையும் வேறு.

தென்சீனக் கடலின் அலை பெரும்பாலும் பக்கத்திலேயே அடிக்கும் காற்றினால் எழுவது. ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் இடையே ஏழெட்டு வினாடிதான் இருக்கும். மெந்தாவாய்க்கு வரும் அலை தெற்கே வெகு தொலைவில், அண்டார்டிகாவை நெருங்கும் கடற்பரப்பில் வீசும் புயல்களில் பிறக்கிறது. அங்கிருந்து ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஆயிரம் கிலோமீட்டர் வேகத்தில் நான்கைந்து நாள் பயணம் செய்து வருகிறது. வரும் வழியில் சிறிய அலைகள் தேய்ந்துபோக, வலுவானவை ஒழுங்காக அணிவகுக்கின்றன. கரையை அடையும்போது இரண்டு அலைகளுக்கு இடையே 14, 16 வினாடி இடைவெளி இருக்கும்.

இந்த வினாடிக் கணக்கு வெறும் எண் அல்ல. ஆழ்கடலில் ஏழு வினாடி அலையின் நீளம் சுமார் 76 மீட்டர். பதினாறு வினாடி அலைக்கோ அது 400 மீட்டர். வானிலை முன்னறிவிப்பில் இரண்டுக்கும் ‘ஒன்றரை மீட்டர்’ என்றுதான் போட்டிருக்கும். செராத்திங்கில் ஒன்றரை மீட்டரைப் பார்த்துப் பழகியவர் அதே எண்ணை மெந்தாவாய்க்குப் பார்த்துவிட்டு நம்பிக் கிளம்பினால், அங்கே தலைக்கு மேல் எழும்பி நிற்கும் அலையைக் கண்டு திகைப்பார். உயரத்தோடு வினாடியையும் சேர்த்துப் படிக்கத் தெரியாதவர் அங்கே தனியாகக் கடலில் இறங்கக் கூடாது.

அடுத்தது தரை. மணற்கரையில் தரை மெல்ல மெல்ல உயர்வதால் அலை பலமிழந்துகொண்டே வந்து உடையும். மணல் திட்டு இடம் மாறுவதால் அலை உடையும் இடமும் நாளுக்கு நாள் மாறும். பவளப்பாறை அப்படியல்ல. ஆழ்கடலிலிருந்து சுவர்போல் திடீரென உயர்ந்து நிற்கும். அவ்வளவு தூரம் வந்த அலை தன் முழுப் பலத்தோடு அதன்மேல் மோதி, ஒரே இடத்தில், ஒரே விதமாக, குழாய்போல் சுருண்டு உடைகிறது. நாளெல்லாம் அச்சில் வார்த்ததுபோல் அலை வருவதற்கு அதுவே காரணம். உலகம் தேடி வருவது அதைத்தான். அந்த அலைக்கு அடியில் சில இடங்களில் இடுப்பளவு தண்ணீர்கூட இருப்பதில்லை என்பதும் அதே காரணத்தால்தான்.

சிப்போரா தீவின் தென்முனையில் காத்தியெட் கிராமத்தின் எதிரே ஓர் அலை உண்டு. 1991இல் அங்கு வந்து சறுக்கிய லான்ஸ் நைட் என்ற ஆஸ்திரேலியரின் பெயரால் ‘லான்சஸ் ரைட்’ என்று அதற்குப் பெயர். உலகின் மிக அழகான அலைகளில் ஒன்று என்று பலரும் சொல்வார்கள். அந்த அலை முடியும் இடத்தில், தண்ணீர் மிகவும் குறைந்த பாறைப் பகுதிக்கு வீரர்கள் வைத்த பெயர் ‘சர்ஜன்ஸ் டேபிள்’. அதாவது அறுவைச் சிகிச்சை மேசை. பெயர் வைத்தவர்கள் விளையாட்டுக்கு வைக்கவில்லை.

யார் போகலாம்?

அலைச்சறுக்குத் தொடங்கி ஒரு பருவம் ஆனவருக்கு மெந்தாவாய் இடமில்லை. இதைப் பயண முகவர்கள் அழுத்திச் சொல்ல மாட்டார்கள். உடையாத பச்சை அலையைத் தானே பிடித்து, இடப்பக்கமும் வலப்பக்கமும் திரும்பத் தெரிந்திருக்க வேண்டும். பின்னால் வருபவரைப் பார்த்துப் பலகையைக் கட்டுப்படுத்தத் தெரிய வேண்டும். காலில் கட்டிய கயிறு அறுந்து பலகை போய்விட்டால், அலை அடிக்கும் கடலில் அரை மணி நேரம் பதறாமல் நீந்தும் தெம்பு வேண்டும். கடைசியாகச் சொன்னதைச் சோதித்துப் பார்க்க இந்தோனேசியா வரை போக வேண்டியதில்லை. ஊர் நீச்சல் குளமே போதும்.

விழுவதற்கும் ஒரு முறை உண்டு. மணற்கரையில் எப்படி விழுந்தாலும் மணல்தான். பாறையின் மேல் தலைகுப்புறப் பாயக் கூடாது. காலை நீட்டித் தரையைத் தேடவும் கூடாது. உடலைத் தட்டையாக விரித்து, தண்ணீரின் மேற்பரப்பிலேயே விழ வேண்டும். மூழ்கினால் இரு கைகளாலும் தலையையும் கழுத்தையும் மூடிக்கொள்ள வேண்டும். அலை ஓய்ந்ததும் பாறையில் எழுந்து நிற்காமல், பலகையில் படுத்தே பக்கத்து ஆழமான நீர்வழிக்குத் துடுப்பிட்டுப் போய்விட வேண்டும். எழுந்து நின்றவர்கள்தான் பாதம் கிழிந்தும், கடல் முள்ளம்பன்றியின் முள் ஏறியும் பயணத்தின் மீதி நாள்களைப் படகில் உட்கார்ந்தே கழிக்கிறார்கள். தலைக்கவசம் அணிய வெட்கப்படுகிறவர்கள் அதிகம். நாலு பேர் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும்.

பருவத்தைத் தேர்ந்தெடுப்பதும் திறமையைப் பொறுத்ததே. அலை உச்சத்தில் இருப்பது ஏப்ரல் முதல் அக்டோபர் வரை. அதிலும் ஜூன், ஜூலை, ஆகஸ்டில் பெரிய அலைகள் அடுத்தடுத்து வரும். கூட்டமும் அப்போதுதான். முதல் முறை போகிறவர் மார்ச்சிலோ நவம்பரிலோ போவது நல்லது. அலை சிறிதாக இருக்கும், போட்டியும் குறைவு. காற்று சில நாள் சொன்னபடி கேட்காது, மழையும் பெய்யும். பெய்தால் என்ன, நனையத்தானே போகிறோம்.

இடத்தைப் பொறுத்தவரை, சிபெருட்டின் தென்பகுதியில் ‘பிளேகிரவுண்ட்ஸ்’ என்று அழைக்கப்படும் சிறு தீவுகளைச் சுற்றிப் பல அலைகள் நெருக்கமாக உள்ளன. கண்டுயி, ரைஃபில்ஸ் போன்றவை தேர்ந்தவர்களுக்கு உரியவை. பெங் பெங்ஸ், ஃபோர் பாப்ஸ் போன்றவை கொஞ்சம் சாந்தமானவை. ஒன்று கைமீறினால் இன்னொன்றுக்கு மாறிக்கொள்ளலாம் என்பதால் முதல் பயணத்துக்கு இந்தப் பகுதி பொருத்தமானது.

படகா, கரையா?

பாடாங்கிலிருந்து தீவுகளுக்கு ஏறக்குறைய 150 கிலோமீட்டர் கடல். போக இரண்டு வழி உண்டு. ஒன்று, பத்துப் பன்னிரண்டு நாள் படகை வாடகைக்கு எடுத்து, அதிலேயே உண்டு உறங்கி அலைக்கு அலை போவது. செலவு அதிகம், ஒருவருக்கே பல ஆயிரம் வெள்ளி ஆகும். இன்னொன்று, பாடாங்கில் விரைவுப் படகு ஏறி, சிப்போராவில் உள்ள துவாபெஜாட்டுக்கோ சிபெருட்டுக்கோ போய், உள்ளூர்க்காரர் நடத்தும் தங்குமிடத்தில் தங்குவது. கடல் நன்றாக இருந்தால் மூன்று நான்கு மணி நேரத்தில் சேர்ந்துவிடலாம். இரவு முழுவதும் மெதுவாகப் போகும் கப்பலும் இருக்கிறது.

விரைவுப் படகு எல்லாத் தீவுக்கும் எல்லா நாளும் ஓடுவதில்லை. கடல் கொந்தளித்தால் ஓடவே ஓடாது. ஆகவே திரும்பும் படகுக்கும் வீடு திரும்பும் விமானத்துக்கும் இடையே குறைந்தது ஒரு முழு நாளாவது விட்டு வைக்க வேண்டும். திங்கட்கிழமை வேலைக்கு நிற்க வேண்டும் என்று ஞாயிறு இரவு விமானத்தைப் பிடிக்கும் கணக்கோடு போகிறவர்கள் கடைசி இரண்டு நாளும் கடலைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் கைப்பேசியையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

அந்த ஒரு நாள் வீண் போகாது. பாடாங் சோறும் ரெண்டாங்கும் பிறந்த ஊரிலேயே கிடைக்கும். தென்னிந்தியாவிலிருந்து குடியேறிய முஸ்லிம்களின் வழிவந்தவர்கள் இன்றும் அந்நகரில் வாழ்கிறார்கள். நாகூர் ஆண்டவரின் நினைவாக, பழைய பள்ளிவாசல் ஒன்றில் ஆண்டுதோறும் சர்க்கரைப் பொட்டலங்களை மேலிருந்து இறைக்கும் வழக்கம் அவர்களிடம் தொடர்கிறது. கடலோடிகளுக்குக் காவலாக வணங்கப்படுபவர் நாகூரார். மெந்தாவாய்க் கடலைத் தாண்டி வந்தவர்களுக்கு அது பொருந்தும் ஊர்தான்.

வாடகைப் படகு எடுப்பவர்கள் விலையைக் கேட்கும் முன் வேறு சிலவற்றைக் கேட்க வேண்டும். ஆளுக்கொரு உயிர்காப்பு அங்கி இருக்கிறதா? கரையோடு பேசச் செயற்கைக்கோள் தொலைபேசியோ வானொலியோ உண்டா? பெரிய படகு நின்றுபோனால் ஆளை ஏற்றிப்போகச் சிறிய விசைப்படகு கூட வருமா? முதலுதவி தெரிந்தவர் யார்? பதில் சொல்லத் தடுமாறும் படகை விட்டுவிடலாம்.

2013 ஏப்ரலில் நடந்ததை மெந்தாவாய் போகும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்த பிரெட் ஆர்ச்சிபால்ட் நண்பர்களோடு இரவில் படகேறினார். நள்ளிரவுக்குப் பின் வாந்தி வந்ததால் தனியாக மேல்தளத்துக்கு வந்தவர், மயங்கிக் கடலில் விழுந்துவிட்டார். படகு நிற்காமல் போய்விட்டது. அவரைக் காணவில்லை என்பதே காலையில்தான் மற்றவர்களுக்குத் தெரிந்தது. 28 மணி நேரத்துக்கும் மேல் நடுக்கடலில் தத்தளித்த அவரை, தேடிவந்த ஓர் ஆஸ்திரேலியரின் படகு உயிரோடு மீட்டது. எல்லாருக்கும் அப்படி அமையாது. கடல் ஒத்துக்கொள்ளாதவர் மாத்திரையைப் படகு கிளம்பும் முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். இரவில் யாரும் தனியாக மேல்தளத்துக்குப் போகக் கூடாது. வாந்தி வந்தாலும் ஒருவரை எழுப்பிக் கூட்டிக்கொண்டுதான் போக வேண்டும்.

காயமும் காய்ச்சலும்

துவாபெஜாட்டில் மாவட்ட மருத்துவமனை இருக்கிறது. சில கிராமங்களில் சிறு சுகாதார நிலையங்கள் உண்டு. பெரிய அறுவைச் சிகிச்சை என்றால் பாடாங்குக்குத்தான் வர வேண்டும். எந்த அலையின் அருகே தங்கினாலும், துவாபெஜாட்டுக்கு எத்தனை மணி நேரம், அங்கிருந்து பாடாங்குக்கு அடுத்த படகு எந்தக் கிழமை என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். தொடக்கத்தில் கேட்ட புதன்கிழமைக் கேள்விக்கு விடை அந்தத் தாளில்தான் இருக்கிறது.

பவளப்பாறைக் காயம் பார்வைக்குச் சிராய்ப்பு மாதிரி இருக்கும். அதை அலட்சியம் செய்கிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். பவளத் துணுக்குகள் தோலுக்குள் தங்கிவிடும். வெப்பமும் உப்பு நீரும் சேர்ந்தால் இரண்டே நாளில் புண் பழுத்துவிடும். சுத்தமான குடிநீரும் சவர்க்காரமும் கொண்டு, வலித்தாலும் நன்றாகத் தேய்த்துக் கழுவி, துணுக்குகளை எடுத்து, கிருமிநாசினி போட்டு உலர வைக்க வேண்டும். எலுமிச்சம்பழத்தைத் தேய்த்தால் போதும் என்று படகில் யாராவது சொல்வார்கள். எரிச்சல் நிச்சயம், மற்றதற்கு அது சவர்க்காரத்துக்கு ஈடாகாது. புண்ணைச் சுற்றிச் சிவந்து சூடேறி, காய்ச்சலும் வந்தால் விளையாட்டை அங்கேயே நிறுத்திவிட்டு மருத்துவரைத் தேடிப் புறப்பட வேண்டும். நீரிழிவு உள்ளவர்கள் இதில் இன்னும் கண்டிப்பாக இருப்பது அவசியம். நம் குடும்பங்களில் அது எவ்வளவு பரவலான நோய் என்பது தெரிந்ததே.

புறப்படுவதற்குச் சில வாரம் முன்பே கிளினிக் ஒன்றுக்குப் போய், எங்கே போகிறோம் என்பதைச் சொல்ல வேண்டும். டெட்டனஸ் ஊசி காலாவதியாகிவிட்டதா, மலேரியாவுக்கு முன்கூட்டியே மாத்திரை தொடங்க வேண்டுமா, அவசரத்துக்கு எந்த ஆன்டிபயாட்டிக் எடுத்துப்போகலாம் என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். நண்பர் சாப்பிட்ட மாத்திரையை வாங்கிப் போடுவது சரியாகாது.

காப்புறுதியிலும் ஒரு சிக்கல் உண்டு. டிக்கெட்டோடு பத்து இருபது வெள்ளிக்கு விற்கப்படும் பயணக் காப்புறுதிகளில் பல, சாகச விளையாட்டில் ஏற்படும் காயத்துக்குப் பணம் தருவதில்லை. அலைச்சறுக்கு என்று பெயரிட்டு உள்ளடக்கியிருக்கிறதா, தீவிலிருந்து மருத்துவமனைக்கு ஏற்றிவரும் செலவையும் ஏற்கிறதா என்ற இரண்டையும் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்வது பாதுகாப்பு.

நிலம் நடுங்கினால்

மெந்தாவாய் நிற்பது உலகின் மிக ஆபத்தான நிலநடுக்கக் கோடுகளில் ஒன்றின் மேல். 2010 அக்டோபர் 25ஆம் தேதி இரவு அங்கு 7.7 ரிக்டர் அளவில் நிலநடுக்கம் ஏற்பட்டு, ஆழிப்பேரலை எழுந்தது. 400க்கும் மேற்பட்டோர் மாண்டனர். பாகாய் தீவுகளின் கடலோரக் கிராமங்கள் சில துடைத்தெறியப்பட்டன. மெக்கரோனிஸ் என்ற புகழ்பெற்ற அலையின் அருகே நங்கூரமிட்டிருந்த பயணப் படகு ஒன்று மற்றொன்றில் மோதித் தீப்பிடித்து எரிந்தது. அதில் இருந்தவர்கள் தப்பிப் பிழைத்தார்கள்.

அன்று பலர் ஓடாமல் இருந்ததற்குக் காரணம், நடுக்கம் பலமாக இல்லை என்பதுதான். மெதுவாக, ஆனால் நீண்ட நேரம் ஆடியது. ஆழிப்பேரலையைக் கிளப்பும் நிலநடுக்கம் சில நேரம் அப்படித்தான் வரும். 2004இல் பினாங்கும் கெடாவும் பட்டதை மறக்காதவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. கரையில் தங்குபவர்கள் முதல் நாளே மேட்டுக்குப் போகும் பாதையைக் கேட்டு, ஒருமுறை நடந்து பார்த்துவிட வேண்டும். நடுக்கம் ஒரு நிமிடத்தைத் தாண்டினால், மெதுவானதாக இருந்தாலும், எச்சரிக்கை ஒலிக்குக் காத்திராமல் ஏறிவிட வேண்டும். பலகையையும் பையையும் எடுக்கத் திரும்பக் கூடாது.

பைக்குள் என்ன?

பாறையில் பலகை உடைவது சாதாரணம். தீவில் வாங்கக் கடை கிடையாது. ஆகவே இரண்டு பலகை, மாற்றுக் கால்கயிறு, மாற்று ஃபின், வெப்பக் கடலுக்கான மெழுகு, பாறையில் நடக்க ரப்பர் காலணி ஆகியவை வேண்டும். நிலநடுக்கோட்டுக்கு மிக அருகில் என்பதால் வெயில் கொல்லும். நீண்ட கை வைத்த நீச்சல் சட்டையும் துத்தநாகக் களிம்பும் இல்லாமல் இரண்டாம் நாள் தாங்க முடியாது. பலகைக்கு விமானத்தில் தனிக் கட்டணம். முன்கூட்டியே பதிந்தால் குறைவு, விமான நிலையத்தில் போய்க் கட்டினால் வயிறு எரியும். ரூபியாவைப் பாடாங்கிலேயே ரொக்கமாக எடுத்துக்கொள்வது நல்லது. அலைச்சறுக்குப் பயணிகளிடம் மாவட்ட நிர்வாகம் ஒரு வரி வசூலிக்கிறது. அந்த ஆண்டின் தொகையைத் தங்குமிடத்தில் கேட்டு, கட்டிய ரசீதைப் பத்திரப்படுத்த வேண்டும்.

தீவு மக்களிடம் மலாயில் இரண்டு வார்த்தை பேசுவது பல கதவுகளைத் திறக்கும். எந்த அலையில் இன்று தண்ணீர் குறைவு, எந்தப் பக்கம் கரையேறலாம் என்று அவர்களுக்குத் தெரிந்த அளவு எந்தச் செயலிக்கும் தெரியாது. ஆஸ்திரேலியரும் பிரேசிலியரும் சைகையில் கேட்பதை நம்மவர் வாய்விட்டே கேட்கலாம். கடலுக்குள்ளும் அதே மரியாதை வேண்டும். அலை உடையும் இடத்துக்கு மிக அருகில் இருப்பவருக்கே அந்த அலை உரியது, குறுக்கே பாயக் கூடாது.

வீட்டில் விட்டுச் செல்ல வேண்டியது ஒரு தாள். படகின் பெயர், தங்குமிடத்தின் தொலைபேசி, காப்புறுதி எண், திரும்பும் நாள் எல்லாம் அதில் இருக்க வேண்டும். தீவுகளில் கைப்பேசி இணைப்பு சில இடங்களில் கிடைக்கும், பல இடங்களில் கிடைக்காது. எத்தனை நாளைக்கு ஒருமுறை அழைப்போம் என்பதை அம்மா அப்பாவிடம் முன்பே பேசி வைத்துக்கொள்ள வேண்டும். அந்தத் தாளின் மேலேயே இன்னொன்றையும் எழுதிவிடலாம்: அங்கே நேரம் நம் நேரத்தைவிட ஒரு மணி பின்னால். இரவு எட்டு மணிக்கு அழைப்பதாகச் சொன்ன பிள்ளையின் அழைப்பு இங்கே ஒன்பது மணிக்குத்தான் வரும்.